ஹெச்டிஎம்ஐயில் செருகியும் படம் வரவில்லையே?

கேள்வி: கைமாறி வந்த லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறது. கேமராவை அதில் இணைத்தால் ஒன்றுமே தெரியவில்லை. போர்ட் பழுதா?

பழுதில்லை. லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐ படத்தை வெளியே அனுப்பும், உள்ளே வாங்காது. கேமராவில் இருப்பதும் அதே ரகம். இரண்டு பேரும் பேசினால் கேட்பது யார்? நடுவில், படத்தை வாங்கி யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குத் தரும் ஒரு கேப்சர் கார்டு வேண்டும்.

அதற்கு முன், செலவில்லாத வழி உண்டா என்று பாருங்கள். கேனான், நிக்கான், சோனி, ஃபியூஜிஃபில்ம் நிறுவனங்கள் 2020இல் தங்கள் கேமராக்கள் பலவற்றை யூஎஸ்பி வழியாகவே வெப்கேமாக மாற்றும் மென்பொருள்களை வெளியிட்டன. உங்கள் மாடல் அந்தப் பட்டியலில் இருந்தால் கார்டே தேவையில்லை.

கார்டு வாங்குவதானால் பெட்டியில் உள்ள '4கே' என்ற எழுத்தை நம்ப வேண்டாம். மலிவான கார்டுகளில் அது உள்ளே வாங்கும் அளவு. லேப்டாப்புக்குப் போவது 1080பிதான். சுருக்காத 1080பி படம் நொடிக்கு 30 ஃபிரேமில் ஏறக்குறைய 1,000 மெகாபிட் கேட்கும். அந்தக் கார்டுகள் இணையும் யூஎஸ்பி 2.0இன் உச்சமே 480. அதனால் அவை படத்தை எம்ஜேபெக் என்ற முறையில் சுருக்கி அனுப்புகின்றன. வீடியோ கூட்டத்துக்கு அது தாராளம். நல்ல பதிவு வேண்டுமென்றால் யூஎஸ்பி 3.0 கார்டு, அதையும் ஹப்பில் செருகாமல் லேப்டாப்பின் 3.0 போர்ட்டில் நேராகச் செருகுங்கள். உள்ளே நீல நாக்கு அல்லது பக்கத்தில் 'எஸ்எஸ்' குறி இருக்கும்.

கேபிள் வாங்கும்போது கேமரா பக்கத்து முனை மினியா, மைக்ரோவா என்று பார்த்து வாங்குங்கள். ஓபிஎஸ் என்ற இலவசப் பதிவு மென்பொருளில் 'சோர்சஸ்' பெட்டியின் கூட்டல் குறியை அழுத்தி 'வீடியோ கேப்சர் டிவைஸ்' சேர்த்தால் படம் வந்துவிடும். படத்தின் மேல் பேட்டரி, ஷட்டர் எண்கள் தெரிந்தால் கேமரா மெனுவில் ஹெச்டிஎம்ஐ தகவல் காட்டுவதை அணையுங்கள். தானாக அணையும் வசதியையும் நிறுத்துங்கள். நீண்ட நேரம் ஓட வேண்டுமா? மின்சாரத்தில் ஓடும் டம்மி பேட்டரி போடுங்கள். தனி மைக் வைத்தால் உதடு அசைவதற்கு முன்பே குரல் கேட்கும், ஏனெனில் படம் கார்டைக் கடந்து வர நேரமாகிறது. ஓபிஎஸ்ஸின் ஒலி அமைப்பில் மைக்குக்கு 100 மில்லிசெகண்ட் தாமதம் கொடுத்துத் தொடங்கி, பொருந்தும்வரை ஏற்றி இறக்குங்கள்.

கேள்வி: பழைய மினிடிவி கேம்கார்டரை யூஎஸ்பியில் இணைத்தால் புகைப்படங்கள் மட்டுமே வருகின்றன. டேப்பில் உள்ள வீடியோவை எடுப்பது எப்படி?

அந்த யூஎஸ்பி பெரும்பாலும் மெமரி கார்டுக்கானது. டேப் படம் முழுத் தரத்தில் வெளியே வரும் வாசல் ஃபயர்வயர், கேமராவில் 'ஐ.லிங்க்' அல்லது 'டிவி' என்று எழுதியிருக்கும் (தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ). இங்கேதான் பழைய லேப்டாப் புதியதை ஜெயிக்கிறது: சிலவற்றில் 4 பின் ஃபயர்வயரே இருக்கும், சிலவற்றில் எக்ஸ்பிரஸ்கார்டு துளையில் ஃபயர்வயர் கார்டு போடலாம். ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை ஃபயர்வயர் என்று விற்கும் வெறும் கேபிளை மட்டும் வாங்காதீர்கள். அது முனையின் வடிவத்தைத்தான் மாற்றும். இரண்டும் வேறு வேறு நெறிமுறை என்பதால் படம் வராது.

கேமரா, லேப்டாப் இரண்டையும் அணைத்த நிலையில் ஃபயர்வயர் கேபிளைச் செருகுங்கள். டேப்பை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, கேமராவை 'ப்ளே' நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும், சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, எனவே என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் சேமியுங்கள். படத்தில் சதுரக் கட்டங்கள் வந்தால் முதலில் கேமராவுக்குள் டேப்பைப் படிக்கும் ஹெட்டைச் சந்தேகியுங்கள். சுத்தம் செய்யும் டேப்பைச் சில நொடிகள் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: காலர் மைக்கை லேப்டாப்பில் செருகினால் குரல் பதிவாகவில்லை.

முனையில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். கேமராவுக்கான மைக்கில் இரண்டு இருக்கும். ஹெட்செட் படம் போட்ட ஒற்றைத் துளை மூன்று வளைய முனையை எதிர்பார்க்கிறது. மைக், ஹெட்ஃபோன் இரண்டையும் பிரிக்கும் ஒய் வடிவ அடாப்டர் போதும்.

கேள்வி: இரண்டு வெப்கேம் வேண்டும். ஒரே ஹப்பில் போட்டால் ஒன்றுதான் ஓடுகிறது.

வெப்கேம் தொடங்கும்போதே தனக்கான யூஎஸ்பி இடத்தை முன்பதிவு செய்துகொள்ளும். முதலாவது சுருக்காத படத்தைக் கேட்டால் அடுத்ததற்கு இடமிருக்காது. இரண்டையும் எம்ஜேபெக், 720பி ஆக்குங்கள். ஒன்றை ஹப்பிலிருந்து எடுத்து வேறு போர்ட்டில் போடுங்கள். லேப்டாப்பின் சொந்த வெப்கேமும் உள்ளே யூஎஸ்பியில்தான் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; அது ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள்.

கேள்வி: வீடியோ வேலைக்குப் பழைய லேப்டாப் வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

ஒவ்வொரு யூஎஸ்பி போர்ட்டிலும் பென்டிரைவ் செருகிப் பாருங்கள். தளர்ந்த போர்ட்டில் கேப்சர் கார்டு நடுவில் துண்டிக்கும். டைப்-சி இருந்தாலே மானிட்டருக்குப் படம் போகும் என்று நினைக்காதீர்கள். மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருந்தால் போகும், குறியில்லாவிட்டால் மாடலின் விவரக் குறிப்பைப் பார்க்க வேண்டும். உங்கள் கேமராவில் எடுத்த 4கே கோப்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். இன்டெல் சிப் என்றால், ஹெச்.265 என்ற முறையில் சுருக்கிய படத்தை 8 பிட்டில் தனி வன்பொருளால் விரிக்க 6ஆம் தலைமுறையாவது வேண்டும், 10 பிட்டுக்கு 7. அதற்கு முந்தையது திக்கித் திக்கித்தான் ஓட்டும்.