காடு கேட்கும் அவகாசம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மூண்ட காட்டுத்தீ பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். 1988இல் எரிந்த அந்தக் காடு தானாகவே மீண்டெழுந்தது என்றும், அங்குள்ள பைன் மரங்களுக்குத் தீ தேவைப்படுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊர் முதுமலையை ஒட்டியது. மாசி, பங்குனியில் புகையைப் பார்க்காத வருடங்கள் குறைவு. தீ காட்டுக்கு நல்லதென்றால், இங்கே ஒவ்வொரு கோடையிலும் தீத்தடுப்புக் கோடு வெட்டி, உயிரைப் பணயம் வைத்து அணைப்பது எதற்காக?

கா.,
கூடலூர்

அன்புள்ள கா.,

தீ தேவை என்று எழுதிய நான், எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பதை எழுதாமல் விட்டுவிட்டேன். சூழலியலாளர் மோனிகா டர்னர் யெல்லோஸ்டோனில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவரும் ஆய்வின் உயிர்நாடியே அந்த விடுபட்ட பகுதிதான்.

1988ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் பூங்காவின் ஏறத்தாழ 36 சதவீதப் பரப்பைத் தீ தொட்டது. ஆயிரக்கணக்கானோர் போராடியும் அடங்காத அந்தத் தீயைச் செப்டம்பரில் பெய்த மழையும் பனியும்தான் தணித்தன. காடு அழிந்தது என்று நாளிதழ்கள் எழுதின. டர்னரும் அவருடைய குழுவினரும் கண்டது வேறு. கருகிய பரப்புகளுக்கு நடுவே பச்சைத் திட்டுகள் ஏராளமாக எஞ்சியிருந்தன. மண்ணிலும் சூடு ஆழமாக இறங்கவில்லை என்பதால், பெரும்பாலான இடங்களில் புல்லும் செடியும் வேரிலிருந்து மறுபடி துளிர்த்தன.

அங்குள்ள லாட்ஜ்போல் பைன் என்ற மரத்தின் கதை இன்னும் நுட்பமானது. அந்த மரங்களில் பலவற்றின் கூம்புகள் உள்ளங்கைக்குள் அடங்கக்கூடியவை. செதில்கள் பிசினால் இறுக ஒட்டிக்கொண்டிருக்க, உள்ளே விதையுடன் பல ஆண்டுகள் மூடியபடியே கிளையில் இருக்கும். தீயின் வெப்பத்தில் பிசின் உருகிச் செதில்கள் விரிய, இறகு முளைத்த சிறு விதைகள் தாய்மரம் கருகி நிற்கும் சாம்பலிலேயே விழுகின்றன. தீக்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோது, ஒரு கன்றுகூட இல்லாத இடங்களும் இருந்தன, ஒரு ஹெக்டேருக்கு ஐந்து லட்சத்துக்கும் அதிகமான கன்றுகள் நெருக்கியடித்து நின்ற இடங்களும் இருந்தன. எரிவதற்கு முன் அங்கே நின்ற மரங்களில் மூடிய கூம்புகள் எந்த அளவுக்கு இருந்தன என்பது இந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் மரம் அந்த விதைச் சேமிப்பை ஓரிரு ஆண்டுகளில் சேர்த்துவிடுவதில்லை. அந்த மலைக்காடுகளில் பெருந்தீ வழக்கமாக 100 முதல் 300 ஆண்டுகளுக்கு ஒருமுறையே வந்திருக்கிறது. 2016இல் அந்தக் கணக்கு பிசகியது: 1988இல் எரிந்து 28 வயதே ஆகியிருந்த இளங்காடும், அருகிலுள்ள கிராண்ட் டீட்டன் பூங்காவில் 16 வயதே ஆகியிருந்த இளங்காடும் மறுபடி எரிந்தன. இளங்காடு அவ்வளவு எளிதில் பற்றாது என்று பலர் நம்பியிருந்த காலம் அது. முதல் தீயில் இறந்து விழுந்துகிடந்த தடிகள்கூடப் பல இடங்களில் மிச்சமில்லாமல் எரிந்துபோய், அவை கிடந்த இடம் தரையில் ஒரு வெளிறிய சாம்பல் கோடாக மட்டும் தெரிந்தது. அந்தக் கோடுகளின் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி எரிந்த இடங்களில் புதிய பைன் கன்றுகளின் அடர்த்தி ஆறில் ஒரு பங்காகக் குறைந்திருந்ததை டர்னரின் குழு 2019இல் வெளியிட்டது. மரமும் அதே, தீயும் அதே. இடைவெளி மட்டும்தான் மாறியிருந்தது. புவி வெப்பமாதல் இப்படியே தொடர்ந்தால் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்த இடைவெளி 30 ஆண்டுகளுக்கும் கீழே போகக்கூடும் என்று டர்னரும் பங்கேற்ற 2011ஆம் ஆண்டு ஆய்வொன்று முன்பே கணித்திருந்தது.

இனி முதுமலை. அங்கே பைனும் இல்லை, மூடிய கூம்பும் இல்லை. உச்சிக்கிளைகளில் தாவும் தீயும் அல்ல, காய்ந்த புல்லிலும் சருகிலும் தரையோடு ஓடும் தீ. அது பெரும்பாலும் மனிதர்களால் மூள்வது. தற்செயலாக அதே 1988இல்தான் ராமன் சுகுமாரின் தலைமையில் இந்திய அறிவியல் கழகத்தினர் முதுமலையில் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டு வரை அடையாளமிட்டுக் கண்காணிக்கத் தொடங்கினார்கள். பட்டை தடித்த பெரிய மரங்கள் தீயைப் பெரும்பாலும் தாங்கிவிடுகின்றன என்பதையும், மெல்லிய தண்டுள்ள இளமரங்களே அதிகம் மடிகின்றன என்பதையும் அந்தக் கணக்கெடுப்பு காட்டியது. வேர் பிழைத்துத் துளிர்க்கும் கன்றும், தண்டு தடிப்பதற்குள் அடுத்த தீ வந்துவிட்டால் பழைய நிலைக்கே திரும்புகிறது. வெளியே நின்று பார்ப்பவருக்குப் பெரிய மரங்கள் நிற்பதால் காடு நலமாக இருப்பதாகவே தோன்றும். அவற்றின் இடத்துக்கு வரவேண்டிய தலைமுறை கீழே இல்லை என்பது கண்ணில் படாது.

எல்லாத் தீயையும் ஒழிக்கவேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் பழங்குடியினரான சோலிகர்கள், சருகு மெல்லியதாக இருக்கும் கோடைத் தொடக்கத்திலேயே ‘தரகு பெங்கி’ என்ற சிறுதீயை இட்டு வந்தவர்கள். அவர்களுடைய அனுபவத்தை வனத்துறைகள் காதுகொடுத்துக் கேட்கவேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் பங்குனி வெயிலில், ஆளுயர உண்ணிச்செடிப் புதருக்குள் ஒரு பீடித்துண்டிலிருந்து கிளம்பும் தீ வேறு வகை. அதைத் தடுக்கக் கோடு வெட்டுபவர்களின் உழைப்பை நான் முழுமனதோடு மதிக்கிறேன். உங்கள் பக்கத்தில் ஒரே சரிவு அடுத்தடுத்த ஆண்டுகளில் எரிந்ததை நீங்களோ வீட்டுப் பெரியவர்களோ பார்த்திருந்தால், எந்தெந்த ஆண்டுகள் என்பதையும் இப்போது அங்கே என்ன முளைத்திருக்கிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்