'அந்த மாதிரி ஆள்' – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரி லாஸ்பேட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நான்கு ஆண்டுகளாகக் கழுத்து, தோள், இடுப்பு, கால் என்று உடம்பு முழுக்க வலி. இரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. எல்லாம் சரியாகவே இருக்கின்றன. மூட்டுநோய் மருத்துவர் ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்லி டுலாக்ஸெட்டின் எழுதிக்கொடுத்தார். மருந்துக்கடையில் விசாரித்தால் அது மனச்சோர்வுக்கான மாத்திரையாம். நான் அந்த மாதிரி ஆள் இல்லை, நானே நிறுத்திவிட்டேன். என் கணவரோ 'எல்லாம் உன் மனப்பிரமை' என்கிறார். இந்த நோயில் மூளைக்கும் உணர்ச்சிக்கும் பங்கு உண்டா? உணவில் எதைத் தவிர்க்க வேண்டும்?

க.

அன்புள்ள க.,

முதலில் கண்டித்துவிடுகிறேன். மருந்துக்கடையில் யாரோ சொன்ன ஒரு சொல்லுக்காகவா மாத்திரையை நிறுத்துவது? டுலாக்ஸெட்டினைத் திடீரென்று விட்டால் தலைசுற்றலும் குமட்டலும் வரக்கூடும். நாளையே மருத்துவரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். உணவைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் பத்தியப் பட்டியல்களையும் அழித்துவிடுங்கள்.

'அந்த மாதிரி ஆள்' என்று எழுதியிருக்கிறீர்களே, யார் அவர்கள்? மனச்சோர்வு உள்ளவரும் உங்களைப் போலக் காலையில் எழ முடியாமல் கிடப்பவர்தான். வீட்டில் உங்களை எப்படி ஒதுக்கினார்களோ, அப்படியே நீங்கள் அவர்களை ஒதுக்குகிறீர்கள்.

அந்த மாத்திரையை உங்களுக்கு ஏன் கொடுத்தார்கள் தெரியுமா? மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் சில நரம்புகள், உடலிலிருந்து மேலேறும் வலிச் செய்தியை வழியிலேயே மட்டுப்படுத்துகின்றன, ஏரி மதகைப் போல. செரோட்டோனின், நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள்களைக் கொண்டே அந்த வேலை நடக்கிறது. ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களிடம் அந்த மதகு சரியாக இறங்குவதில்லை. டுலாக்ஸெட்டின் அவ்விரு பொருள்களையும் நரம்புச் சந்திப்புகளில் கூடுதல் நேரம் தங்கவைக்கிறது. மனச்சோர்விலும் அதே பொருள்களுக்கு வேலை இருப்பதால் இரண்டுக்கும் ஒரே மாத்திரை. அமெரிக்காவில் 2008இல் இந்த நோய்க்கென்றே அதற்கு அனுமதி கிடைத்தது.

2002இல் வெளியான ஓர் ஆய்வை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள். நோயாளிகள் 16 பேர், நலமானவர்கள் 16 பேர். எல்லோருடைய கட்டைவிரல் நகத்தையும் அழுத்திக்கொண்டே மூளையைப் படம் பிடித்தார்கள். நலமானவர்களுக்கு வலிப்பதற்குத் தேவைப்பட்ட அழுத்தத்தில் பாதியைவிடச் சற்றே கூடுதலாக அழுத்தியபோதே நோயாளிகளுக்கு அதே அளவு வலித்தது. மூளையிலும் பெரும்பாலும் அதே பகுதிகள் விழித்தன. பிரமையைப் படம் பிடிக்க முடியுமா என்று அவரிடம் கேளுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் என் அத்தையைப் பற்றித்தான் எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். பண்ருட்டிக்குப் பக்கத்தில் முந்திரித்தோப்பு வைத்திருந்தவர். 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' என்னும் புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. காற்று ஓய்ந்து போய்ப் பார்த்தால் தோப்பு முழுக்க வேரோடு சாய்ந்து கிடந்தது. புதிதாக நட்டு அது பழையபடி காய்க்க எத்தனை ஆண்டுகள்! அத்தைக்கு அப்போதே ஐம்பது தாண்டிவிட்டது. அதன் பிறகு அவருக்குத் தூக்கமே இல்லை. சில மாதங்களில் வலி தொடங்கியது. தலை வாரினால் வலி, வளையல் அழுந்தினால் வலி. ஒரு மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்றார். அந்தச் சொல் வீடு வந்து சேர்வதற்குள் 'நடிப்பு' ஆகிவிட்டது. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நலமாக இருந்தவர்களின் ஆழ்ந்த உறக்கத்தை மட்டும் இரவெல்லாம் கலைத்துக்கொண்டே இருந்தால், அவர்களுக்கே உடம்பு வலி வருகிறது என்பதை 1975இல் கனடாவில் கண்டறிந்துவிட்டார்கள். துயரம் தூக்கத்தைக் கெடுத்தது, தூக்கமின்மை வலியைக் கூட்டியது, வலி மறுபடியும் தூக்கத்தைக் கெடுத்தது. இதில் அத்தை எங்கே நடித்தார்?

அத்தையின் ஊருக்குப் பக்கத்தில்தான் திருவதிகை. சூலைநோயில் துடித்த அப்பர் அங்கேதான் தமக்கை திலகவதியாரிடம் வந்து விழுந்தார். சமணத்துக்குப் போனதால் இறைவன் கொடுத்த நோய் என்பது புராணம். சூலை வயிற்றுநோய், உங்களுடையது வேறு. ஆனால் அந்தக் கதையில் நம் வீடுகள் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: வலி வந்தவர் ஏதோ தவறு செய்திருக்க வேண்டும். திலகவதியார் என்ன செய்தார் என்பதை விட்டுவிட்டோம். வலிக்கிறது என்று வந்த தம்பியிடம் அவர் சான்று கேட்கவில்லை. திருநீறு கொடுத்துக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அத்தைக்கு அப்படி ஒருவர் அமையவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆம், பங்கு உண்டு. வலியை உணரும் மூளைப் பகுதிகளில் சில, பயத்தையும் துக்கத்தையும் உணர்வதிலும் பங்கு கொள்கின்றன. பல்வலிக்கும் பிரசவ வலிக்கும்கூட அப்படித்தான். அதற்காக உங்கள் வாழ்க்கையைக் கிளறி ஏதோ ஒரு பழைய துயரத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். எந்தப் பேரிழப்பும் இல்லாமலே இந்த நோய் வந்தவர்களும் இருக்கிறார்கள்.

2016இல் ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவர்களின் அமைப்பு இதற்கு வலுவாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சியை மட்டுமே. உங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை. பத்து நிமிட நடையில் தொடங்குங்கள், வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுங்கள். கணவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். வலித்து நீங்கள் நிற்கும்போது அவரும் நிற்கட்டும், காரணம் கேட்காமல்.