ஜிம் கிளாஸ் ஒரு கணக்கு, கை வாட்ச் ஒரு கணக்கு: கேள்வி பதில்

கிளாஸ் ஆப்பையும் (ஜிம்மில் செய்த பயிற்சியைப் பதிவு செய்யும் ஆப்) வாட்சையும் இணைப்பதில் என்ன சிக்கல் என்றாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, கோச்சும் இல்லை. காலையில் ஜிம்மில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் கிளாஸ், பகலில் ஆப் எழுதுகிற வேலை, அவ்வளவுதான்.

கேள்வி: அக்கா, ஒரே கிளாஸ் ஸ்ட்ராவாவில் (உடற்பயிற்சியைப் பதிவு செய்து நண்பர்களோடு பகிரும் ஆப்) இரண்டு முறை வருகிறது. 6:30க்கு ஒன்று, 6:32க்கு ஒன்று. "ஒரே காலையில் ரெண்டு கிளாஸா?" என்று ஆபீசில் ஓட்டுகிறார்கள்.

கல்யாண வீட்டில் மொய் எழுத இரண்டு பேர் இரண்டு நோட்டோடு உட்கார்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் இது. உங்கள் கார்மின் வாட்ச் தன் ஆப் வழியாக ஸ்ட்ராவாவுக்கு அனுப்புகிறது. கிளாஸ் ஆப்பும் தன் பங்குக்கு நேரடியாக அனுப்புகிறது. ஒரே ஃபைலை மறுபடி அனுப்பினால் ஸ்ட்ராவா வேண்டாம் என்று தள்ளிவிடும். ஆனால் நீங்கள் வாட்சில் பொத்தானை அமுக்கியது ஒரு நேரம், சைக்கிள் எண்ண ஆரம்பித்தது இன்னொரு நேரம். ஃபைலும் வேறு வேறு. அதனால் இரண்டும் உள்ளே போய்விடுகின்றன.

ஒரு வழியை அடைக்க வேண்டும். எதை என்பதில்தான் யோசனை. மிதிக்கிற சக்தியும் வேகமும் சைக்கிளுக்குத் தெரியும், இதயத் துடிப்பு வாட்சுக்குத் தெரியும். வெளியில் ஓடுகிற பழக்கம் உண்டென்றால் வாட்ச் வழியை அப்படியே வைத்துக்கொண்டு, கிளாஸ் ஆப்பில் ஸ்ட்ராவா இணைப்பைத் துண்டியுங்கள். ஜிம்மைத் தவிர வேறெங்கும் போவதில்லை என்றால் நேர்மாறாகச் செய்யுங்கள். ஐபோன்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ஸ்ட்ராவாவுக்குள் ஆப்பிள் ஹெல்த்திலிருந்து (ஐபோனில் உடல்நலத் தகவலைச் சேர்த்துவைக்கும் ஆப்) தானாக எடுக்கும் வசதி திறந்திருந்தால் மூன்றாவது நோட்டும் தயார். ஏற்கெனவே இரட்டையாக ஏறியவற்றைக் கையால்தான் அழிக்க வேண்டும்.

கேள்வி: ஐபோனில் "இணைக்கப்பட்டது" என்றே காட்டுகிறது. ஆனால் கிளாஸ் ஆப்புக்கு என் ஓட்டம் எதுவும் போகவில்லை. மூன்று முறை ஆப்பை அழித்துவிட்டுப் போட்டேன்.

இதற்காக ஆப்பை அழித்தவர்கள் பட்டியல் நீளம். ஆப்பிள் ஹெல்த்தில் படிக்க அனுமதி தனி, எழுத அனுமதி தனி. முதல் நாள் வந்த அந்த நீளமான பட்டியலில் ஏதோ ஒன்றைத் திறக்காமல் விட்டிருப்பீர்கள். வேடிக்கை என்னவென்றால், படிக்க அனுமதி மறுக்கப்பட்டது என்பதை ஆப்பிள் அந்த ஆப்புக்குச் சொல்லவே சொல்லாது. தகவல் எதுவும் இல்லாத மாதிரிதான் ஆப்புக்குத் தெரியும். உங்களுக்கு என்ன நோய் கணக்கு இருக்கிறது என்பதை மறுப்பை வைத்து ஊகிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆப் எழுதுகிற எங்களுக்குத் தலைவலி, "அனுமதி இல்லை" என்று உங்களிடம் காட்டவும் வழியில்லை.

ஹெல்த் ஆப்பைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தட்டி, ஆப் பட்டியலில் அந்த ஆப்புக்குள் போய் உடற்பயிற்சி, இதயத் துடிப்பு எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். அப்புறம் ஒன்று, போன் பூட்டியிருக்கும்போது ஹெல்த் தகவலும் பூட்டியிருக்கும். லாக்கரில் போனை வைத்துவிட்டு வந்தால், வெளியே வந்து திறந்த பிறகுதான் நகரும். பொறுமை.

கேள்வி: ஆண்ட்ராய்டில் ஹெல்த் கனெக்ட் போட்டேன். போன வருடக் கணக்கு எதுவும் வரவில்லை. கூகுள் ஃபிட்டே மேலா?

கூகுள் ஃபிட்டை இனி நம்ப வேண்டாம். 2014இல் வந்தது, 2024 மே மாதத்திலிருந்து அதன் வழியாகத் தகவல் பரிமாற புதிய ஆப்கள் யாரும் பதிவு செய்ய முடியாது. அதன் இடத்தில் வந்ததுதான் ஹெல்த் கனெக்ட். 2022இல் அறிவித்தார்கள், ஆண்ட்ராய்டு 14இலிருந்து போனிலேயே சேர்ந்து வருகிறது.

ஹெல்த் கனெக்டை உடற்பயிற்சிக் கணக்குகளை வைக்கும் ஒரு அலமாரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். தானாக எதையும் எங்கும் அனுப்பாது. சாம்சங் ஹெல்த் உள்ளே வைக்க வேண்டும், கிளாஸ் ஆப் வெளியே எடுக்க வேண்டும், இரண்டுக்கும் சாவி, அதாவது அனுமதி, நீங்கள் தர வேண்டும். புதிதாகச் சாவி வாங்கிய ஆப், சாதாரணமாக அன்றைக்கு முந்தைய 30 நாள் கணக்கைத்தான் பார்க்க முடியும். போன வருடம் வராததற்குக் காரணம் அதுதான், உங்கள் தவறு இல்லை. இன்றைய கிளாஸே வரவில்லை என்றால் பேட்டரி அமைப்பைப் பாருங்கள். போன் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும்.

கேள்வி: 45 நிமிட கிளாஸ். ஜிம் திரையில் 410 கலோரி, வாட்சில் 355. எதை நம்புவது?

நீங்கள் 70 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு ஒரு கிலோ எடைக்கு மணிக்குச் சுமார் ஒரு கலோரி செலவழிக்கும். 70 கிலோவுக்கு முக்கால் மணி நேரத்தில் 52 சொச்சம். உங்கள் இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 55. அநேகமாக ஜிம் திரை அந்த உட்கார்ந்த செலவையும் சேர்த்து மொத்தம் காட்டுகிறது, வாட்ச் உழைத்ததை மட்டும் காட்டுகிறது. ஆப்பிள் வாட்ச் இரண்டையும் தனித்தனியே காட்டும், பாருங்கள்.

இதில் ஆபத்து ஒன்று உண்டு. மொத்தக் கணக்கை, சாப்பாட்டுக் கணக்கு பார்க்கும் ஆப்புக்கு அனுப்பினால், அது நாள் முழுதுக்குமான உட்கார்ந்த செலவை ஏற்கெனவே தனியாகப் போட்டிருக்கலாம். அந்த 52 இரண்டு முறை ஏறும். தினமும் ஏறினால் வாரத்துக்கு 360 கலோரிக்கு மேல் கற்பனைக் கணக்கு. "ஆப் சொல்கிறபடிதானே சாப்பிடுகிறேன், எடை ஏன் குறையவில்லை" என்பவர்கள் இதைச் சரிபார்க்கலாம். எந்த எண்ணுமே மதிப்பீடுதான், ஒரே எண்ணை மாதக்கணக்கில் பின்தொடருங்கள்.

கேள்வி: காலை 6 மணி கிளாஸ், கணக்கில் 11:30க்கு ஏறுகிறது. நான் அப்போது ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறேன்!

ஐந்தரை மணி நேரம் தள்ளியிருக்கிறது என்றதுமே ஆள் பிடிபட்டுவிட்டான். ஃபைலுக்குள் நேரத்தை யுடிசியில் எழுத வேண்டும். யுடிசி என்பது உலகப் பொது நேரம், நம் ஊர் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அதாவது காலை 6 என்றால் 00:30. உங்கள் ஜிம்மின் ஆப் நம் ஊர் நேரத்தையே யுடிசி என்று முத்திரை குத்தி அனுப்புகிறது. வாங்குகிற ஆப் நல்ல பிள்ளையாக அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டுகிறது. உங்கள் போனில் என்ன மாற்றினாலும் தீராது. ஜிம்முக்கு "நேரத்தை யுடிசிக்கு மாற்றாமல் அனுப்புகிறீர்கள்" என்று ஒரே வரியில் எழுதுங்கள், எழுதிய புரோகிராமருக்குப் புரியும். அதுவரை வாட்ச் வழியாக மட்டும் அனுப்புங்கள்.

கேள்வி: நெஞ்சில் கட்டும் பெல்ட் சைக்கிளோடு சேர்ந்தால் போனோடு சேர மறுக்கிறது.

பழைய புளூடூத் பெல்ட்கள் பல ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேசும். போலார் எச்10 மாதிரி பெல்ட் இரண்டு புளூடூத் இணைப்பும், கூடவே ஆன்ட் பிளஸும் (புளூடூத் மாதிரி இன்னொரு கம்பியில்லா இணைப்பு) தாங்கும். புதிதாக வாங்கும் எண்ணம் இல்லையென்றால் போனை விட்டுவிடுங்கள், சைக்கிளே போதும்.

கேள்வி: நான் போகிற ஸ்டுடியோ மூடப்போகிறது. மூன்று வருடக் கணக்கை எப்படிக் காப்பாற்றுவது?

இன்றைக்கே இறக்குங்கள், கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். உடற்பயிற்சிக் கணக்கை ஃபைலாகத் தரும் வடிவங்கள் சில உண்டு. ஃபிட் (.fit, கூகுள் ஃபிட் அல்ல) வடிவம் கொடுத்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் டிசிஎக்ஸ் (.tcx). ஜிபிஎக்ஸ் (.gpx) மட்டும் வேண்டாம். அது இடத்தின் புள்ளிகளைக் கோர்க்கும் வடிவம். உங்கள் சைக்கிளோ மூன்று வருடமும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது! பிறகு கம்ப்யூட்டரில் ஸ்ட்ராவா தளத்துக்குப் போனால் ஒரு தடவைக்கு 25 ஃபைல் வரை ஏற்றலாம். கார்மின் கனெக்ட் தளமும் வாங்கிக்கொள்ளும். முதலில் ஒன்றை மட்டும் ஏற்றி, தேதியும் நேரமும் சரியா என்று பார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள். 11:30 கதை உங்களுக்கும் நடக்கலாம்.

கேள்வி: எங்கள் யோகா கிளாஸ் மாஸ்டர் வீட்டு மொட்டைமாடியில். ஆப் கிடையாது. நாங்கள் என்ன செய்வது?

கொடுத்துவைத்தவர் நீங்கள். வாட்சில் யோகாவைத் தேர்ந்தெடுத்து ஆரம்பியுங்கள். மறந்துபோனால் வீட்டுக்கு வந்து கையால் எழுதுங்கள், ஒரு நிமிட வேலை. இரண்டையும் செய்துவிட்டு முதல் கேள்விக்காரர் மாதிரி வந்து நிற்காதீர்கள்.