ஓர் எண்கூட இல்லாத சுடோகுவை எங்கே தொடங்குவது?

கேள்வி: சாதாரண சுடோகுவில் கடினமானவற்றையும் முடித்துவிடுவேன். கில்லர் சுடோகுவில் ஓர் எண்கூடக் கொடுப்பதில்லை. புள்ளிக்கோடு போட்ட கூண்டுகள், ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு கூட்டுத்தொகை, அவ்வளவுதான். குத்துமதிப்பாகப் போட்டுப் பார்த்துத்தான் தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஜப்பானில் 1990களிலேயே புழங்கிய இந்தப் புதிரை லண்டன் ‘டைம்ஸ்’ 2005இல் வெளியிடத் தொடங்கியது. பெயர்தான் மிரட்டும்; தேவைப்படுவது சின்ன வயசுக் கூட்டல் கணக்கு.

1 முதல் 9 வரை கூட்டினால் 45. சுடோகுவில் ஒவ்வொரு வரிசையிலும், நிரலிலும், 3×3 பெட்டியிலும் இந்த ஒன்பது எண்களும் ஒவ்வொரு முறைதான் வரும்; ஆகவே ஒவ்வொன்றுக்கும் மொத்தம் 45தான். முழுசாக ஒரு பெட்டிக்குள் அடங்கும் கூண்டுகளைத் தேடுங்கள். மேல் இடதுபக்கப் பெட்டியில் இரண்டு கட்டத்தில் 3, இரண்டு கட்டத்தில் 17, மூன்று கட்டத்தில் 12 என்று கூண்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 32. மிச்சம் 13. மிஞ்சிய இரண்டு கட்டமும் மூன்றாம் வரிசையில் இருக்கின்றன. பக்கத்துப் பெட்டியில் அதே வரிசையிலுள்ள ஒரு கட்டத்தையும் சேர்த்து 17 என்ற கூண்டாகின்றன. அப்படியானால் வெளியே நிற்கும் கட்டம் 4. முதல் எண் கிடைத்துவிட்டது!

இன்னும் கறக்கலாம். இரண்டு கட்டத்தில் 3 என்றால் 1, 2. 17 என்றால் 8, 9. இவை போனால் 12க்கு 3, 4, 5 தவிர வழியில்லை. மிஞ்சிய இரண்டும் 6, 7. மூன்றாம் வரிசையில் 4 ஏற்கெனவே வந்துவிட்டதால், 12 கூண்டின் 4 அந்த வரிசையில் வராது.

ஒரே வழியில் பிரியும் தொகைகளை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்: இரண்டு கட்டத்துக்கு 3, 4, 16, 17, மூன்றுக்கு 6, 7, 23, 24, நான்குக்கு 10, 11, 29, 30. நீண்ட பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சுவாரசியம் இல்லை. மூன்று கட்டத்தில் 15ஐ எட்டு விதமாகப் பிரிக்கலாம், அதைத் தொடவே தொடாதீர்கள், அப்புறம் பார்க்கலாம்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. கூண்டு இரண்டு பெட்டிகளில் பரவியிருந்தாலும் அதற்குள் ஒரே எண் இருமுறை வரக்கூடாது என்பதுதான் வழக்கமான விதி.

ஒரு பெட்டியில் கணக்கு நிற்கவில்லையா? இரண்டு வரிசைகளைச் சேர்த்து 90, மூன்றைச் சேர்த்து 135 என்று பாருங்கள். பழகும்வரை இரண்டு கட்டக் கூண்டுகள் நிறைய உள்ள புதிராகத் தேர்ந்தெடுங்கள்.