கண் டாக்டரிடம் கொலுசையும் எடுத்துப் போங்கள்

கேள்வி: எனக்கு 54 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை. 8 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. ஒரே வருடத்தில் இரண்டு தடவை கண்ணாடி மாற்றிவிட்டேன். பேப்பர் படிக்க முடிகிறது, பட்டறையில் உட்கார்ந்தால் கண்ணிகள் கலங்கித் தெரிகின்றன. டாக்டரிடம் "பார்வை மங்குது" என்றேன். "பவர் சரியாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிட்டார். அவர் எதிரே உட்கார்ந்ததும் கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோகிறது. திரும்பக் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்றும் தயக்கம். எப்படிப் பேசுவது?

பதில்: பேப்பர் தெரிகிறது, கண்ணி தெரியவில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே உங்கள் டாக்டரிடம் சொல்லியிருந்தால் போதும். "மங்குது" என்பதை வைத்துக் கண் டாக்டர்களான எங்களால் அதிகம் கண்டுபிடிக்க முடியாது. கண்புரைக்கும் அதே வார்த்தைதான், விழித்திரைக் கோளாறுக்கும் அதே வார்த்தைதான்.

படிக்கிற கண்ணாடிக்குப் பவர் பார்க்கும்போது எழுத்து அட்டையைச் சுமார் 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிப்போம். பேப்பர் படிக்கிற தூரம் அது. கொலுசு பற்றவைக்கிறவர் குனிந்து உட்கார்ந்து, ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் வைத்து வேலை பார்ப்பார். இளவயதில் கண்ணுக்குள் இருக்கும் வில்லை வளைந்துகொடுத்து அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். 54 வயதில் அது நடக்காது. டாக்டர் சொன்னதில் தவறில்லை, அவர் பார்த்த தூரத்துக்குப் பவர் சரிதான். அதனால் அடுத்த முறை பாதி முடிந்த கொலுசு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். பட்டறையில் எப்படிப் பிடிப்பீர்களோ அப்படியே பிடித்துக் காட்டுங்கள். வீட்டில் யாரையாவது விட்டு, கண்ணிலிருந்து கொலுசு வரை டேப்பால் அளந்து அந்த அளவையும் சொல்லுங்கள். பட்டறைக்கென்று தனிக் கண்ணாடி தேவைப்படலாம்.

உங்கள் சர்க்கரை விஷயம் இதைவிட முக்கியம். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் வில்லையில் நீர் கூடிக் குறையும், பவரும் கூடவே மாறும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத நாளில் எழுதிய கண்ணாடி அடுத்த மாதம் பொருந்தாமல் போவது சகஜம். கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். "சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தாச்சா சார்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறையாவது அது நடக்க வேண்டும். எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரியும்போதே விழித்திரையில் பாதிப்பு தொடங்கியிருக்கலாம். அன்றைக்குத் துணைக்கு ஆள் வேண்டும். சொட்டு விட்டால் சில மணி நேரம் பார்வை கலங்கி, வெளிச்சம் கூசும், வண்டி ஓட்டக் கூடாது. ஏற்காட்டிலிருந்து பைக்கில் தனியாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடமாட்டேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏறித் திரும்ப வேண்டுமே!

ஏற்காடு என்றதும் ஒரு அம்மா நினைவுக்கு வருகிறார். காபி எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர். அவரும் "மங்குது சார்" என்றுதான் வந்தார். "எந்த வேலை செய்யும்போது சிரமமா இருக்கு?" என்று கேட்டேன். "பழுத்ததும் காயும் ஒண்ணாவே தெரியுது" என்றார். சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியவில்லை! என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் ஒன்றுமில்லை என்கிறார். மெல்ல விசாரித்தபோதுதான் காசநோய்க்கு மாத்திரை எடுப்பது தெரிந்தது. அதில் எத்தாம்பியூட்டால் என்ற மருந்து சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். அவருடைய காசநோய் மருத்துவரிடம் பேசினேன், அவர் அந்த ஒன்றை மட்டும் நிறுத்தினார். நிறம் மெதுவாகத் திரும்பி வந்தது. கண்ணுக்கு வந்த இடத்தில் அந்த மாத்திரையை எதற்குச் சொல்வது என்று அந்த அம்மா நினைத்திருக்கிறார். நீங்கள் அப்படி நினைக்காதீர்கள். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின்கூடக் கண்புரை ஆபரேஷன் செய்கிறவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். அது பாவையைச் சுற்றியுள்ள ஐரிஸ் என்ற திரையைத் தளரச் செய்துவிடும். வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போய்விடுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அப்புறம் மறதி. டாக்டரிடம் போவதற்கு முதல் நாளே ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் காலண்டரைப் பாருங்கள், மாற்றியும் பாருங்கள். எந்தக் கண், எப்போதிலிருந்து, பகலிலா இரவிலா என்று துண்டுச்சீட்டில் எழுதி, உட்கார்ந்ததும் நீட்டுங்கள். பரிசோதனை முடிந்து எழும்போது சொன்னால் அதைக் கவனிக்க நேரம் இருக்காது. டாக்டர் சொன்னதை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லி, "சரிதானே சார்?" என்று கேளுங்கள். உங்கள் குடும்பத்தின் சோறு அந்தக் கண்ணில் இருக்கிறது, இதில் தயக்கமே வேண்டாம். எனக்கு அப்படிக் கேட்கிறவர்களைப் பிடிக்கும், நான் எங்கே புரியாமல் பேசினேன் என்று அப்போதுதான் தெரிகிறது.

இதையெல்லாம் நிதானமாகச் செய்யலாம். ஆனால் திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, கறுப்புப் புள்ளிகள் கொட்டினாலோ, ஒரு பக்கம் திரை விழுந்தது போல மறைத்தாலோ அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். டோக்கன் வாங்கும் இடத்திலேயே அதைச் சொல்லுங்கள்.