இரண்டு இடத்தில் எம்.ஆர்.ஐ., இரண்டு அளவு: குருத்தெலும்பு தேய்ந்துவிட்டதா?

கேள்வி: எனக்கு 54 வயது. வலது முழங்கால் வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது குருத்தெலும்பு 2.4 மி.மீ., கிரேடு 2 என்று ரிப்போர்ட் வந்தது. எட்டு மாதம் கழித்து வேறொரு மருத்துவமனையில் எடுத்ததில் 1.9 மி.மீ., கிரேடு 3 என்கிறார்கள். வலி கூடவில்லை. ஆனால் அரை மில்லிமீட்டர் போய்விட்டதே, ஆபரேஷன் செய்துவிடலாமா டாக்டர்?

பதில்: முதலில் 2.4-லிருந்து 1.9-ஐக் கழித்துப் பார்ப்பதை விடுங்கள். அது உங்கள் முழங்காலின் கணக்கு என்று சொல்லவே முடியாது.

வழக்கமான முழங்கால் ஸ்கேனில் படத்தின் ஒரு புள்ளியே ஏறக்குறைய 0.3 முதல் 0.6 மி.மீ. வரை இருக்கும், அதாவது உங்களைத் தூங்கவிடாத அந்த அரை மில்லிமீட்டர் படத்தில் ஒன்றிரண்டு புள்ளிதான். அதோடு ஒவ்வொரு படமும் சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள ஒரு துண்டை மொத்தமாகக் காட்டுவது. தொடை எலும்பின் முனையோ வளைவானது, கால் கொஞ்சம் திரும்பியிருந்தாலே போதும், அளந்த இடம் மாறிவிடும். ஒரு இடத்தில் 1.5 டெஸ்லா மெஷின், இன்னொரு இடத்தில் 3 டெஸ்லா (டெஸ்லா என்பது மெஷினின் காந்த வலிமையின் அளவு) என்றால் படத்தின் தெளிவும் வேறு, குருத்தெலும்புக்கும் மூட்டு நீருக்கும் நடுவில் கோடு தெரிகிற விதமும் வேறு.

கிரேடும் அப்படித்தான். குருத்தெலும்பில் விழுந்த பள்ளம் அதன் தடிமனில் பாதி ஆழத்துக்குள் இருந்தால் 2, பாதியைத் தாண்டினால் 3. பாதிக்குப் பக்கத்தில் நிற்கிற பள்ளத்தை ஒரு ரேடியாலஜிஸ்ட் (ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவர்) 2 என்பார், இன்னொருவர் 3 என்பார், இருவருமே நல்ல அனுபவசாலிகளாக இருந்தாலும்.

அமெரிக்காவில் 2004-ல் தொடங்கிய 'ஆஸ்டியோஆர்த்ரைடிஸ் இனிஷியேட்டிவ்' என்ற மூட்டுத் தேய்மான ஆய்வில் 4,796 பேரைச் சேர்த்தார்கள். வெவ்வேறு ஊர்களில் ஸ்கேன் எடுத்தும் அளவுகளை ஒப்பிட முடிந்ததற்குக் காரணம், எல்லா இடத்திலும் ஒரே மாடல் 3 டெஸ்லா மெஷின், ஒரே செட்டிங், குருத்தெலும்பை அளக்க 0.7 மி.மீ. மெல்லிய துண்டுகள், மெஷின் சரியாக அளக்கிறதா என்று சோதனைப் பொருளை வைத்து அடிக்கடி சரிபார்ப்பு. உங்கள் இரண்டு ஸ்கேனுக்கும் நடுவில் இதில் ஒன்றுமே இல்லை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம்கூட சராசரியாக ஆண்டுக்கு ஓரிரு சதவீதம்தான் தடிமன் குறைகிறது. எட்டு மாதத்தில் 20 சதவீதம் போனது என்றால், அதிலும் வலி கூடாமல் என்றால், நான் முதலில் அளவைத்தான் சந்தேகப்படுவேன். (குருத்தெலும்பின் தன்மையை எண்ணாகக் காட்டும் டி2 மேப்பிங் என்ற எம்.ஆர்.ஐ. முறையில் எடுத்தால் துல்லியமாகத் தெரியும் என்று யாராவது சொன்னால், அந்த எண்ணும் மெஷினுக்கு மெஷின் மாறும்.)

சரி, என்ன செய்யலாம்? ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். இரண்டு ஸ்கேனின் சி.டி.யையும் வாங்கி, மூட்டுப் படங்களை அதிகம் பார்க்கிற ஒரே ரேடியாலஜிஸ்டிடம் கொடுத்து, அதே இடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். இனி எப்போதாவது ஸ்கேன் தேவைப்பட்டால் முடிந்தவரை இதே மெஷினில் எடுங்கள்.

ஆபரேஷன் முடிவை இந்த எண்ணை வைத்து எடுக்கவே கூடாது. படி ஏறி இறங்க முடிகிறதா, எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் மூட்டு எலும்புகளுக்கு நடுவே இடைவெளி எப்படி இருக்கிறது, எலும்பு மருத்துவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்து என்ன சொல்கிறார், இவைதான் முக்கியம். வலி கூடாதவரை தொடைத் தசைக்கான பயிற்சியும், எடை அதிகமிருந்தால் அதைக் குறைப்பதும்தான் இப்போதைக்கு வைத்தியம். ஆனால் முழங்கால் திடீரென வீங்கினாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் மாட்டிக்கொண்டாலோ, காய்ச்சலோடு மூட்டு சூடாகச் சிவந்தாலோ ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.