பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று இருந்தால் நட்டஈடு கையை விட்டுப் போய்விடும்

கேள்வி: நான் கொக்குவிலைச் சேர்ந்த மேசன், வயது 46. 2024 ஓகஸ்ட் 21 ஆம் திகதி மாலை ஆறே முக்கால் மணியளவில் வேலை முடித்துக் காங்கேசன்துறை வீதியால் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். தட்டாதெருச் சந்தி தாண்டியதும், பின்னால் வந்த வான் என்னை முந்திக்கொண்டு உடனே இடப்பக்க ஒழுங்கைக்குள் திரும்பியது. அடிபட்டு விழுந்ததில் வலது கால் முறிந்தது. போதனா வைத்தியசாலையில் தகடு வைத்தார்கள். வீக்கம் வற்றாததால் பிறகு முறிவு நெரிவு வைத்தியரிடம் மூலிகைப் புக்கையும் கட்டினேன். ஏழு மாதம் வேலையில்லை. இப்போதும் உயரத்தில் ஏறி நின்று வேலை செய்ய முடியவில்லை. வான் ஓட்டிய பையன் ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லை. நல்லூர்த் திருவிழா நெரிசலில் நான்தான் குறுக்கே விழுந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். பொலிஸாரும் அவர்கள் பக்கம். பையனின் பெரியப்பா வீட்டுக்கு வந்து 75,000 ரூபா தந்து ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கிச் சென்றார். நீதவான் நீதிமன்றத்தில் அடுத்த தவணை 2026 செப்டெம்பரில். அந்த வழக்கு முடிந்ததும் 50 இலட்சம் ரூபா நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: போட முடியாது. செப்டெம்பரில் உங்களுக்கு வழக்கே இருக்காது.

பையன் வந்து பார்க்காதது, ஊரில் கதை பரப்பியது, பெரியப்பாவின் செல்வாக்கு எல்லாவற்றையும் வாசித்தேன். நட்டஈட்டு வழக்கு நடக்கும் மாவட்ட நீதிமன்றத்தில் இவற்றில் ஒன்றுக்கும் விலையில்லை. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரேயொரு வரி, அது 2024 ஓகஸ்ட் 21 என்ற திகதி. காலாவதி பற்றிய 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி, காயத்துக்கும் இழப்புக்கும் நட்டஈடு கேட்கும் வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். உங்கள் காலம் 2026 ஓகஸ்டில் முடிகிறது. அந்தக் கடைசி வாரத்தை நம்பியும் இருக்காதீர்கள், ஜூலைக்குள் வழக்கு நீதிமன்றத்தில் இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் இந்த ஒரு தவறால் போன வழக்குகள் கொஞ்சமல்ல. மானிப்பாய்ப் பக்கத்துப் பெண் ஒருவர் என்னிடம் வந்தார். கணவர் விபத்தில் இறந்தவர். நீதவான் நீதிமன்றத் தவணை ஒவ்வொன்றுக்கும் கைக்குழந்தையுடன் போய் நின்றிருக்கிறார். மூன்றாவது ஆண்டில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினான். அந்தத் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகப் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சாரதியின் கவனயீனத்தைக் காட்ட அதைவிட நல்ல ஆவணம் வேண்டியதில்லை, ஆனால் அதை வைத்துத் தாக்கல் செய்ய வழக்கு மிஞ்சியிருக்கவில்லை.

நீதவான் நீதிமன்ற வழக்கு பொலிஸார் சாரதிக்கு எதிராக நடத்துவது. அதில் நீங்கள் வெறும் சாட்சி. நீதவான் தண்டத்தோடு உங்களுக்கும் ஒரு தொகை கொடுக்கச் சொல்லலாம், ஆனால் அது உங்கள் ஏழு மாதக் கூலியையும் காலையும் அளந்து தருகிற தொகையல்ல. சாரதி விடுதலையானால்கூட உங்கள் சிவில் வழக்கு அதனால் விழுந்துவிடாது. அந்த வழக்கு எத்தனை தவணை போனாலும் உங்கள் இரண்டு ஆண்டுகள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கோரிக்கைக் கடிதம் அனுப்பினாலும், பெரியப்பாவோடு பேச்சுவார்த்தை நடத்தினாலும் அப்படித்தான். ‘திருவிழா முடியட்டும், பார்த்துச் செய்வோம்’ என்று எதிர்த்தரப்பு இனிமையாகப் பேசும்போது, அந்தத் திருவிழா எந்த மாதம் என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

அடுத்தது காப்புறுதி. உங்களுக்கு உண்மையில் பணம் வரக்கூடிய இடம் அந்தப் பையனின் சட்டைப்பை அல்ல, வானின் காப்புறுதிக் கம்பனி. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 105 ஆம் பிரிவின் கீழ், காப்புறுதி பெற்றவருக்கு எதிராக நீங்கள் பெறும் தீர்ப்புத் தொகையைக் கம்பனி செலுத்த வேண்டும். ஆனால் 106 ஆம் பிரிவு ஒரு நிபந்தனை போடுகிறது. வழக்குத் தாக்கலுக்கு முன்பாகவோ, தாக்கல் செய்து 7 நாட்களுக்குள்ளோ, வழக்குப் பற்றிய அறிவித்தல் கம்பனிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் தீர்ப்பு உங்களுக்கு, பணம் யாரிடமும் இல்லை. வேலையில்லாத ஒரு பையனுக்கு எதிரான தீர்ப்பைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாம். அறிவித்தலைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை உங்கள் கையில் வைத்திருங்கள்.

வான் யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. இங்கே பாதி வான்கள் ஓப்பன் பேப்பரில், அதாவது பதிவில் பெயர் மாற்றாமலே, கைமாறியவை. புத்தகத்தில் ஒருவர் பெயர், ஓடுபவர் வேறொருவர், பணம் போட்டவர் கனடாவில். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரத்தை இப்போதே எடுங்கள். சாரதியை மட்டும் எதிராளியாக்கி வழக்கை வைத்துவிட்டுப் பிறகு உரிமையாளரைத் தேடினால், அவரைச் சேர்க்கும் நேரத்தில் இரண்டு ஆண்டு கடந்திருக்கும். உரிமையாளர் பொறுப்பாவதற்கு, பையன் அவருடைய வேலையாக ஓடினான் என்பதையும் காட்ட வேண்டும்.

இப்போது 50 இலட்சத்துக்கு வருவோம். இந்தத் தொகையை யார் சொல்லித் தந்தார்களோ, அவர்கள் சாட்சிக்கூண்டில் உங்களுக்குப் பதிலாக நிற்கப் போவதில்லை. அங்கே உங்களிடம் மூன்று கேள்விகள் வரும்.

முதலாவது, சைக்கிளில் விளக்கு இருந்ததா? ஓகஸ்ட் மாதத்தில் ஆறே முக்காலுக்குச் சூரியன் மறைந்துவிட்டிருக்கும். விளக்கைப் பற்றி உங்கள் கடிதம் வாய் திறக்கவில்லை, அதிலிருந்தே எனக்குப் பதில் விளங்குகிறது. விளக்கில்லாததால் வழக்கு அடியோடு தோற்காது. 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, உங்கள் பங்குக் கவனயீனத்துக்கு ஏற்ப நட்டஈட்டைக் குறைப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு குறைப்பார்கள் என்பது நீதிபதியின் கையில். முந்திக்கொண்டு இடப்பக்கம் வெட்டிய வான் உங்களுக்கு நல்ல வாதம். பொலிஸ் வரைபடத்தில் சைக்கிள் விழுந்த இடம் எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அது இன்னும் பலப்படும், அல்லது உடையும். உங்கள் வாக்குமூலம் சிங்களத்தில் பதியப்பட்டு நீங்கள் கையெழுத்திட்டிருந்தால், பொலிஸ் தகவல் புத்தகத்தில் உள்ள அந்தப் பதிவின் பிரதியை எடுத்து மொழிபெயர்ப்பித்துப் பாருங்கள். நீங்கள் சொல்லாத ஒரு வசனம் அதில் இருந்தால் எதிர்த்தரப்புக்கு முன் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, புக்கை. பரம்பரை வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் கட்டியிருக்கிறார்கள். ஆனால் ‘தகடு வைத்த காலில் வைத்தியரைக் கேட்காமல் புக்கை கட்டியதால்தான் இந்த நொண்டல்’ என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொல்வார். கிளினிக் கொப்பியில் விடுபட்ட தவணைகள் இருந்தால் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையோடு, எலும்பு முறிவு நிபுணரிடம் இப்போதைய நிலை பற்றி ஒரு கடிதமும் வாங்குங்கள்.

மூன்றாவதுதான் ஆட்களை உண்மையில் விழுத்துவது: உங்கள் வருமானம். மேசன் கூலி கையில் வாங்கும் காசு. ஒப்பந்தகாரரின் வரவுக் கொப்பி இருந்தால் நல்லது. ஒரு நாளைக்கு இவ்வளவு உழைத்தேன் என்று நீங்கள் சொல்லும்போது, அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவிக்கான விண்ணப்பத்தில் எழுதிய குடும்ப வருமானத்தை முன்னால் வைப்பார்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் அந்தக் கணத்தில் உங்கள் கூலி மட்டுமல்ல, உங்கள் வாய்ச்சாட்சி முழுவதும் ஆட்டம் காணும்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கு, பிறகு மேன்முறையீடு. மேன்முறையீட்டுக்காகத் தீர்ப்பின் நிறைவேற்றம் நிறுத்தப்பட்டிருக்கும் வரை கம்பனி ஒரு சதமும் தர வேண்டியதில்லை. 50 இலட்சத்துக்குப் பத்து ஆண்டு இழுபடுவதை விட, ஏழு மாதக் கூலி, போக்குவரத்து, தனியார் சிகிச்சைச் செலவு, வேதனைக்கும் நிரந்தரக் குறைபாட்டுக்கும் ஒரு நியாயமான தொகை என்று கணக்குப் போட்டு, அதில் விளக்குக்காக ஒரு பங்கையும் விட்டுக்கொடுத்து முடிப்பதே புத்தி. ஆனால் வழக்கைத் தாக்கல் செய்துவிட்டுச் சமாதானம் பேசுங்கள், பேசிவிட்டுத் தாக்கல் செய்யலாம் என்று இருக்காதீர்கள். பேச்சு கம்பனியோடு நடக்கட்டும், பெரியப்பாவோடு விறாந்தையில் அல்ல. இணங்கியதை நீதிமன்றத்தில் பதிவுசெய்து தீர்ப்பாக்கிவிட்டால், பணம் வராதபோது அதை நிறைவேற்ற வழியிருக்கிறது.

கடைசியாக அந்தக் கடதாசி. ‘வைத்தியச் செலவுக்காக 75,000 ரூபா பெற்றேன்’ என்று மட்டும் இருந்தால் கவலையில்லை, அந்தத் தொகையைக் கழிப்பார்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருந்தால் அது வேறு சண்டை. வாசித்துக் காட்டினார்களா, பிரதி தந்தார்களா, கட்டிலில் கிடந்தபடி கையெழுத்திட்டீர்களா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று இன்றே எழுதி வைத்து உங்கள் சட்டத்தரணியிடம் கொடுங்கள். பிரதியைத் தேடிப் பெரியப்பா வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டாம். கோரிக்கையை முழுதாகத் தீர்த்துவிட்டோம் என்று சொல்பவர்தான் அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும்.